காரின் பின்பக்க ஸ்டெபிலைசர் பார்: மலிவான வழி எது?



கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் அங்கே ஷிப்டு வேலைக்குப் போய்வருகிறார்கள். வீட்டில் பெரும்பாலும் ஒரே கார்தான் இருக்கும். சாகா அல்லது மைவி. மகன் இரவு வேலைக்கு ஓட்டும் அதே காரில்தான் தாயார் சுங்கை பட்டாணி மருத்துவமனைக்குப் போகிறார். தைப்பூசத்துக்குக் குடும்பமே ஏறிக்கொள்கிறது. ஆகவே அந்தக் காரில் செய்யும் மாற்றம் மகனுடைய ஆசை மட்டுமல்ல. குடும்பம் முழுவதையும் தொடும் விஷயம்.

"வளைவில் கார் சாய்கிறது, பின்னால் தடித்த ஸ்டெபிலைசர் பார் போடப் போகிறேன்" என்று பையன் சொன்னால், செலவு சில நூறு வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் இது சின்னத் தொகை அல்ல. இதே பலனை மலிவாகப் பெற வழி உண்டா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்தக் கம்பி என்ன செய்கிறது? காரின் குறுக்கே 'ப' எழுத்துப் போல வளைந்து கிடக்கிறது. நடுப்பகுதி ரப்பர் புஷ்களில் அமர்ந்திருக்கும். இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களோடு சேர்ந்திருக்கும். வளைவில் கார் சாயும்போது ஒரு பக்கச் சக்கரம் மேலே போகிறது, மறு பக்கம் கீழே வருகிறது. ஈரத் துணியைப் பிழிவதுபோல் கம்பி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்குக்குக் கம்பி இடம் கொடுக்க மறுப்பதால் சாய்வு குறைகிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாகவே மேட்டில் ஏறினால் கம்பி சும்மா சுழலும். ஒரு வேலையும் செய்யாது. பின்சீட்டில் மூன்று பேரும் அரிசி மூட்டையும் ஏறியதும் வண்டி பின்னால் தாழ்கிறதே, அதற்கு இந்தக் கம்பி மருந்தல்ல. அது ஸ்பிரிங்கின் வேலை.

பருமனில் ஒரு கணக்கு இருக்கிறது. 16 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 18 போட்டால், கூடுவது இரண்டே மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்காக வளர்கிறது; கூடுவது ஏறக்குறைய 60 விழுக்காடு. இதனால் வரும் பலனையும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார், வளைவில் வேகம் மிஞ்சினால் முன்பக்கம் அகன்று போகும்படி வேண்டுமென்றே அமைக்கப்படுகிறது. பயந்த ஓட்டுநர் ஆக்சிலேட்டரை விட்டதும் முன்பக்கம் மீண்டும் பிடித்துக்கொள்ளும். பின்பக்கத்தை அதிகம் இறுக்கினால் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும். ஆனால் அக்டோபர் மழையில், பாலிங் வழியே பெங்காலான் ஹூலு போகும் மலைப்பாதையில், திடீரென்று காலை எடுத்தால் வால்பக்கம் வழுக்கிப் போகலாம். தோட்டத்துச் செம்மண் சாலையிலோ, ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி மறுசக்கரத்துக்கும் போகும். தாயாருடைய முதுகு அதைச் சொல்லும்.

இனி மலிவான வழிகள். 2005-இல் வந்த மைவியிலும் 2008-இல் வந்த சாகாவிலும் பின்சக்கரங்களை இணைக்கும் குறுக்குச் சட்டமே, அதாவது டார்ஷன் பீம், முறுகிக்கொண்டு ஸ்டெபிலைசர் வேலையையும் பார்க்கிறது. "எதற்குக் கடைச் சாமான்? ஒரு இரும்புக் குழாயை அதில் வெல்டிங் வைத்தால் போதும்" என்று யாராவது யோசனை சொல்லலாம். வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சட்டம் முறுகுவதற்கென்றே செய்யப்பட்டது. வெல்டிங் சூடு பட்ட இடத்தின் ஓரத்தில் நாளடைவில் விரிசல் காணும். அது உடையும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஜே.பி.ஜே. விதிகளின் சிக்கல் வேறு.

1993-இல் வந்த விரா போல, பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் காராக இருந்தால், ஹாஃப் கட் கடையில் பொருந்தும் பழைய பார் கிடைக்கலாம். இது நியாயமான வழிதான். ஆனால் துருவேறிக் குழி விழுந்த கம்பியையும், வளைவில் கோடு தெரியும் கம்பியையும் தள்ளிவிடுங்கள். புஷ்ஷை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட மலிவானது, இருப்பதைச் சீர்செய்வது. சாய்வைப் பற்றிய புகாரில் பாதி, தேய்ந்துபோன ரப்பரைப் பற்றியதுதான் என்பேன். பள்ளத்தில் 'டொக் டொக்' என்று தட்டுகிறதா? பட்டறையில் காரைத் தூக்கச் சொல்லி, புஷ்ஷில் வெடிப்பு இருக்கிறதா, லிங்க் ஆடுகிறதா, அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று நீங்களே பாருங்கள். கடினமான பாலியூரிதேன் புஷ் போட்டால் தளர்வு போகும். கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும்.

டயருக்குச் செலவே இல்லை, முதல் சோதனைக்காவது. கார் சூடேறுமுன், காலையில் காற்றழுத்தம் பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவோரத்துச் சீட்டில் இருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு எண்கள் உண்டு: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் கம்பிக்கு வைத்திருந்த பணம் டயருக்குப் போகட்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் கார் இன்னும் சாய்கிறதென்றால், அப்போது அந்த மாடலுக்கென்றே செய்த, போல்ட்டு மாட்டும் பாரின் விலையை விசாரிக்கலாம். பொருத்திய முதல் வாரம் மழையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.