விட்டுவிட்டுத் தோன்றும் இணைய நிரல் வழு

விட்டுவிட்டுத் தோன்றும் வழு என்பது, ஒரே நிரல் ஒரே வகை வேண்டுகோளுக்குச் சில வேளை சரியான விடையும் சில வேளை பிழையான விடையும் தரும் நிலை ஆகும். இணைய வழங்கியை மறுதொடக்கம் செய்த உடனேயோ, சற்று நேரம் கழித்தோ இது தலைகாட்டுவதுண்டு. அப்பாச்சி வழங்கியின் மாட்பெர்ல் கூறில் இயங்கும் பெர்ல் நிரல்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

பின்னணி

முன்கிளைத்தல் முறையில் இயங்கும் அப்பாச்சியில், தாய்ச் செயல்முறை பல சேய்ச் செயல்முறைகளை முன்கூட்டியே உருவாக்கி வைக்கிறது. அமைப்புக் கோப்பில் மாற்றாவிடின் தொடக்கத்தில் 5 சேய்கள் இருக்கும். ஒரு வேண்டுகோள் எந்தச் சேய்க்குச் செல்லும் என்று கூற இயலாது. சிஜிஐ முறையில் நிரல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கி முடிந்துவிடும். மாட்பெர்லிலோ, ஒருமுறை தொகுக்கப்பட்ட நிரல் ஒவ்வொரு சேயின் நினைவகத்திலும் தனித்தனியே தங்கிவிடுகிறது. வேகம் கிடைப்பதும் சிக்கல் பிறப்பதும் இதனால்தான்.

நிலைத்துவிடும் முதல் மதிப்பு

சிஜிஐ நிரல்களை மாற்றமின்றி இயக்க உதவும் ரெஜிஸ்ட்ரி கூறு, நிரல் முழுவதையும் ஒரு துணைநிரலுக்குள் இட்டுத் தொகுக்கிறது. எனவே நிரலாளர் எழுதிய துணைநிரல்கள் அதன் உள்ளே அமைந்துவிடுகின்றன. கோப்பின் தொடக்கத்தில் 'மை' என்ற சொல்லால் அறிவிக்கப்பட்ட மாறியை அவை நேரடியாகப் படித்தால், அந்தச் சேய் முதன்முதலில் பெற்ற வேண்டுகோளின் மதிப்பே அவற்றுக்குத் தொடர்ந்து தெரியும்.

ஆகவே மறுதொடக்கத்துக்குப் பின் ஒவ்வொரு சேயும் முதல் விடையைச் சரியாகவே தரும். அடுத்து வருபவருக்கு முன்னவரின் மதிப்பைக் காட்டும். அம்மாறியில் இருப்பது கணக்கு எண்ணாயின் ஒருவரது தகவல் மற்றவருக்கு வெளிப்பட்டுவிடும். மறுதொடக்கம் செய்து ஒருமுறை சோதித்துவிட்டு வழு நீங்கியதாகக் கொள்வது இங்கு ஆபத்தானது. எச்சரிக்கைகள் இயக்கப்பட்டிருந்தால், மாறி தொடர்ந்து பகிரப்படாது என்னும் பொருளுடைய வரி பிழைப்பதிவில் காணப்படும். (பலரும் படிக்காமல் கடந்துபோகும் வரி அதுவே.) மதிப்பைத் துணைநிரலுக்கு அளபுருவாக அனுப்பினால் வழு நீங்கும்.

பகிரப்பட்ட தரவுத்தள இணைப்பு

தொடக்கக் கோப்பிலேயே தரவுத்தள இணைப்பைத் திறந்துவிட்டால், அவ்விணைப்பைச் சேய்கள் அனைத்தும் மரபுரிமையாகப் பெறும். இரு சேய்கள் ஒரே நேரத்தில் வினவும்போது விடைகள் கலந்து, இணைப்பு அறுந்ததாகப் பிழைச்செய்தி வரக்கூடும். ஒவ்வொரு சேயும் தன் இணைப்பைத் தானே திறக்க வேண்டும்.

கண்டறிதல்

உலாவியில் பக்கத்தைப் பலமுறை புதுப்பித்துப் பார்ப்பது போதாது. இணைப்பு திறந்தே வைக்கப்பட்டிருந்தால் அதே சேயே மீண்டும் விடையளிக்கும். அணுகல் பதிவில் செயல்முறை எண்ணையும் சேர்த்து எழுதச் செய்தால், பிழையான விடை எந்தச் சேயிடமிருந்து வந்தது என்பது புலப்படும். அடுத்து, வழங்கியைப் பிழைத்திருத்த முறையில், ஒரே செயல்முறையாக இயக்கிப் பார்க்கலாம். முதல் மதிப்பு நிலைத்துவிடும் வழு அப்போது இரண்டாம் வேண்டுகோளிலேயே தவறாமல் வெளிப்படும். பகிரப்பட்ட இணைப்பின் வழுவோ, போட்டியிட வேறு செயல்முறை இல்லாததால், மறைந்துவிடும். அவ்வாறு மறைந்தால் தொடக்கக் கோப்பில் தேடுதல் வேண்டும்.