அமெரிக்க ஊக்கத்தொகை: இணையப் பதிவின் தடைகளும் சட்டம் திறந்துவைத்த வழிகளும்

கொரோனா பெருந்தொற்றால் தொழில்கள் முடங்கிக் கிடந்த வேளையில், 2020 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் நிறைவேறிய ‘கேர்ஸ்’ சட்டம், தகுதியுள்ள வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் 1,200 டாலரும், 17 வயது நிரம்பாத குழந்தை ஒவ்வொன்றுக்கும் 500 டாலரும் வழங்க வகைசெய்தது. மக்கள் பேச்சில் ‘ஸ்டிமுலஸ்’ என்றும், அரசின் அறிவிப்புகளில் பொருளாதாரத் தாக்கக் கொடுப்பனவு என்றும் வழங்கப்பட்ட இத்தொகை, சட்டத்தின் கண்ணில் 2020ஆம் ஆண்டு வருமான வரியில் வரவு வைக்கப்பட வேண்டிய ஒரு தொகையின் முன்பணமே ஆகும். வரி வரவு என்பது ஒருவர் செலுத்த வேண்டிய வரியிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படும் தொகை. அதிலும் இது, வரியே கட்ட வேண்டாதவருக்கும் பணமாகவே கைக்கு வந்து சேரும் வகையைச் சார்ந்தது. ஏட்டளவிலான நுணுக்கமாகத் தோன்றும் இவ்வேறுபாடுதான், இணையத்தில் பதிவு செய்ய முடியாமல் தவித்தவர்களுக்குப் பின்னாளில் கைகொடுத்தது. உரிமையைத் தந்தது சட்டமே தவிர இணையதளம் அன்று. ஆகவே தளத்தில் பெயர் ஏறாமற்போனதால் எவருடைய உரிமையும் அற்றுப்போகவில்லை. துயரம் என்னவென்றால், இந்த உண்மை அதை அறிந்திருக்க வேண்டிய ஏழைகளைத்தான் மிகத் தாமதமாகச் சென்றடைந்தது.

பணத்தை வழங்கும் பொறுப்பு, அந்நாட்டின் வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 2018 அல்லது 2019ஆம் ஆண்டுக்கான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, வங்கிக் கணக்கு எண்ணையும் தந்திருந்தவர்களுக்கு ஏப்ரல் நடுவிலேயே பணம் வந்துவிட்டது. ஜூன் தொடக்கத்திற்குள் ஏறக்குறைய 15.9 கோடிக் கொடுப்பனவுகளாக 26,700 கோடி டாலர் வழங்கப்பட்டிருந்தது. இவ்வளவு விரைவு பாராட்டுக்குரியதே. ஆனால், தனிநபராயின் ஆண்டுக்கு 12,200 டாலருக்கும், கூட்டாகக் கணக்குக் காட்டும் தம்பதியராயின் 24,400 டாலருக்கும் குறைவாக வருவாய் ஈட்டியவர்கள் வரிக் கணக்குத் தாக்கல் செய்யவே தேவையில்லை என்பது அந்நாட்டு விதியாக இருந்தமையால், பணம் மிகுதியாகத் தேவைப்பட்டவர்களின் முகவரியோ வங்கி எண்ணோ துறையின் கையில் இல்லை. தாமாக முன்வந்து பதிவு செய்தாலன்றித் தொகை கிடைக்காத நிலையில் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் இருந்ததாக, அந்நாட்டின் வரவுசெலவுக் கொள்கை ஆய்வு மையம் ஒன்று 2020இல் மதிப்பிட்டது.

இவர்களுக்கென ஏப்ரல் 10 அன்று ‘நான்-ஃபைலர்ஸ்’ என்ற இணையப் படிவமும், பணம் எந்த நிலையில் உள்ளது என்பதைப் பார்க்க ஏப்ரல் 15 அன்று ‘கெட் மை பேமென்ட்’ என்ற தளமும் திறக்கப்பட்டன. இரண்டாவது தளத்தில் இலட்சக்கணக்கானோர் கண்ட விடை, கொடுப்பனவின் நிலை குறித்த தகவல் இல்லை என்ற ஒற்றை வரியாகும். தகுதி இல்லை, தகுதி இன்னும் ஆராயப்படவில்லை, உள்ளிட்ட விவரம் பொருந்தவில்லை ஆகிய மூன்று வெவ்வேறு நிலைகளுக்கும் அதே வரிதான் வந்தது. காரணம் சொல்லாத மறுப்பை எதிர்த்து எவரும் முறையிட முடியாது என்பதனால், இது வெறும் தொழில்நுட்பக் குறையன்று. நீதிக்குறை என்றே கொள்ள வேண்டும்.

பொருந்தாமைக்குரிய காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. வரிக் கணக்கில் எழுதப்பட்டிருந்த முகவரியில் தெரு என்பதற்குச் சுருக்கெழுத்து இருந்து, தளத்தில் முழுச்சொல் உள்ளிடப்பட்டால் கூட அமைப்பு ஆளை அடையாளம் காணத் தவறியது. சில முறை தவறினால் 24 மணி நேரத்திற்குக் கதவு அடைக்கப்பட்டது. வேறொரு சிக்கல் இதனினும் ஆழமானது. வரிக் கணக்கை எழுதித் தரும் நிறுவனங்களுக்குரிய கட்டணத்தைக் கையிலிருந்து கொடுக்க இயலாதவர்கள், திரும்ப வரும் வரிப்பணத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ள ஒப்புக்கொள்வது அங்கே பரவலான வழக்கம். அப்போது அப்பணம் இடைப்பட்ட தற்காலிக வங்கிக் கணக்கு ஒன்றிற்குச் சென்று, கட்டணம் போக எஞ்சியதே உரியவருக்குச் சேரும். துறையின் பதிவேட்டில் இருந்தது அந்தத் தற்காலிகக் கணக்கின் எண் என்பதால், ஊக்கத்தொகையும் அங்கேயே அனுப்பப்பட்டது. தளத்தில் தமக்குரியதல்லாத கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களைக் கண்டவர்கள், தம் பணம் திருடப்பட்டுவிட்டதாக அஞ்சியது இயல்பே. அத்தகைய பணத்தை வங்கி துறைக்குத் திருப்பி அனுப்ப, பின்னர் அது காசோலையாக அஞ்சலில் வந்து சேர வாரங்கள் பல ஆயின. கட்டணத்தை முன்கூட்டிக் கொடுக்க வழியில்லாதவர்களே இந்தத் தாமதத்திற்கும் ஆளானார்கள்.

‘நான்-ஃபைலர்ஸ்’ படிவத்தில் வேறுவகைக் கண்ணி இருந்தது. வெறும் பெயர்ப்பதிவு என்று எண்ணி மக்கள் நிரப்பிய அப்படிவம், உண்மையில் சுருக்கப்பட்ட ஒரு வருமான வரிக் கணக்காகும். உண்மையில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தவர்கள் அவசரத்தில் அதை நிரப்பிவிட்டு, பிறகு தம் முழுக் கணக்கை இணையவழி அனுப்பியபோது, அதே ஆண்டுக்கு ஏற்கெனவே கணக்கு வந்துவிட்டது என்ற காரணத்தால் அது திருப்பி அனுப்பப்பட்டது. அவர்கள் காகிதப் படிவத்தின் தலைப்பில் திருத்தக் குறிப்பை எழுதி அஞ்சலில் அனுப்ப நேர்ந்தது. அலுவலகங்கள் மூடப்பட்டு, பிரிக்கப்படாத அஞ்சல்கள் குவிந்து கிடந்த ஆண்டில் காகிதத்தில் அனுப்புவது என்றால் மாதக்கணக்கில் காத்திருப்பது என்றே பொருள். பதிவு செய்ய மின்னஞ்சல் முகவரியும் வேண்டியிருந்தது. நூலகங்களும் பொது இணைய நிலையங்களும் பூட்டியிருந்த வாரங்களில் வீடற்றோருக்கும் முதியோருக்கும் அது சிறிய தடையன்று.

குழந்தைகளுக்குரிய 500 டாலர் விஷயத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவோர் எதுவும் செய்யத் தேவையில்லை, 1,200 டாலர் தானாக வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால், அவர்களைச் சார்ந்து வாழும் குழந்தைகளின் விவரம் துறையிடம் இல்லாததால், அதைத் தனியே பதிய வேண்டும் என்று ஏப்ரல் 20 அன்று அறிவித்து, ஏப்ரல் 22 நண்பகலையே கடைசி நேரமாகவும் விதித்தார்கள். ஊனமுற்றோரும் முதியோரும், பேரக்குழந்தைகளை வளர்க்கும் பாட்டி தாத்தாக்களும் அடங்கிய ஒரு கூட்டத்திற்கு, பெருந்தொற்றின் நடுவே, இரண்டே நாள் கெடு வைத்தது எந்த வகையிலும் நியாயமாகாது. பல தரப்பிலிருந்தும் எழுந்த அழுத்தத்திற்குப் பின்னர் அவ்வாய்ப்பு மீண்டும் திறக்கப்பட்டு, செப்டம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. பொதுவான பதிவுக் கெடுவும் அக்டோபர் 15இலிருந்து நவம்பர் 21க்குத் தள்ளப்பட்டது. செப்டம்பரில் பதிவு செய்யாத சுமார் 90 இலட்சம் பேருக்குத் துறையே கடிதம் எழுதியது. இந்தக் கடிதம் ஏப்ரலிலேயே போயிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களை நேரடியாகத் தொட்ட விதி ஒன்றும் இச்சட்டத்தில் இருந்தது. எச்-1பி விசாவில் பணிபுரிந்து, வரி நோக்கில் அந்நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுவோர் தகுதியுடையவரே. ஆனால் கணவன் மனைவி கூட்டாகக் கணக்குக் காட்டினால் இருவருக்கும் சமூகப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும் என்று கேர்ஸ் சட்டம் கூறியது. படைத்துறையினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. எச்-4 விசாவில் உடன் வந்து, வேலை அனுமதி இல்லாத துணைவரிடம் பெரும்பாலும் இருப்பது வரி செலுத்துவதற்கென்றே வழங்கப்படும் வேறு அடையாள எண் மட்டுமே. அந்த ஓர் எண்ணுக்காக, தகுதியுள்ள துணைவரும், அங்கேயே பிறந்து குடியுரிமை பெற்ற குழந்தைகளும் சேர்த்து விலக்கப்பட்டார்கள். 2020 டிசம்பர் 27 அன்று வந்த அடுத்த சட்டம், இரண்டாம் தவணையாக 600 டாலர் அறிவித்ததோடு, இந்த விலக்கையும் முன்தேதியிட்டு நீக்கி, எண் உள்ள துணைவருக்கும் குழந்தைகளுக்கும் முதல் தவணையையும் கோரும் உரிமையைக் கொடுத்தது. தளத்தில் ‘தகவல் இல்லை’ என்ற விடையைக் கண்டு அத்துடன் விட்டுவிட்ட குடும்பங்களில் இம்மாற்றத்தை அறியாதவை இருந்திருக்கக்கூடும். இதற்கு எதிரான நிலையும் உண்டு. எஃப்-1 விசாவில் படிக்க வந்த மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு வரி நோக்கில் வெளிநாட்டவராகவே கொள்ளப்படுவர்; அவர்களுள் வசிப்பவருக்குரிய 1040 படிவத்தைத் தவறுதலாகத் தாக்கல் செய்து பணம் பெற்றவர்கள், அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியவர்களாயினர். விசா நிலை குறித்த விண்ணப்பங்களில் வரிப் பதிவுகளும் பார்க்கப்படும் என்பதால், தகுதியின்றி வந்த தொகையை வைத்துக்கொள்வது பின்னாளில் பெருஞ்சிக்கலுக்கு வித்திடக்கூடும்.

மோசடிக்காரர்களின் வேலை, இத்தகைய குழப்பத்தில்தான் எளிதாகிறது. பணத்தை விரைவாக வாங்கித் தருவதாகக் கூறிக் கட்டணம் கேட்பதும், துறையின் பக்கத்தைப் போன்றே வடிவமைத்த போலித் தளங்களில் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் வங்கி விவரத்தையும் வாங்கிக்கொள்வதும், கூடுதல் தொகைக்குப் போலிக் காசோலை அனுப்பி ‘மிகுதியைத்’ திருப்பக் கேட்பதும் பரவலாக நடந்தன. ஐ.ஆர்.எஸ். இத்தகைய விவரங்களைக் கேட்டுத் தானாகத் தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ தொடர்பு கொள்வதில்லை. அதன் முதல் தொடர்பு பொதுவாக அஞ்சல் கடிதமே. ஆனால் எச்சரிக்கையே வினையான நிகழ்வும் உண்டு. 2020 மே மாதத்தில் ஏறக்குறைய 40 இலட்சம் பேருக்குக் காசோலைக்குப் பதிலாகப் பணம் ஏற்றப்பட்ட வங்கி அட்டை அனுப்பப்பட்டது. அது அரசின் முத்திரையோ துறையின் பெயரோ இல்லாத வெற்று உறையில், கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரோடு வந்ததால், விளம்பரம் அல்லது மோசடி என்று எண்ணிப் பலர் கிழித்து எறிந்தார்கள். மோசடிக்கு அஞ்சும்படி மக்களுக்கு அறிவுறுத்திய அரசு, தன் பணத்தை அடையாளம் தெரியாத உறையில் இட்டு அனுப்பியிருக்கக் கூடாது. முதியோர் இல்லங்கள் சில, அரசு மருத்துவ உதவியில் தங்கியிருப்போரின் தொகையைத் தமக்கே உரியதென எடுத்துக்கொள்வதாக வந்த புகார்களைச் சுட்டி, கூட்டாட்சி வணிக ஆணையம் அந்த மே மாதமே எச்சரித்தது. அத்தொகை தங்கியிருப்பவருக்கே உரியது, உதவித் தகுதிக்கான வருமானக் கணக்கிலும் சேராது.

பரிகாரங்களுள் முதன்மையானது, தொடக்கத்தில் சுட்டிய வரி வரவே. பதிவு செய்ய இயலாதவரும், குறைவாகப் பெற்றவரும், 2020ஆம் ஆண்டுக்கான 1040 படிவத்தின் 30ஆம் வரியில் விடுபட்ட தொகையை ‘மீட்பு வரவு’ என்ற பெயரில் கோரலாம் என்பதே சட்டத்தின் ஏற்பாடாக இருந்தது. வருமானமே இல்லாதவரும் இதற்காகக் கணக்குத் தாக்கல் செய்ய முடிந்தது. 2021 மார்ச் 11 அன்று சட்டமான 1,400 டாலர் மூன்றாம் தவணைக்கு 2021ஆம் ஆண்டுக் கணக்கு அதே வழியாக அமைந்தது. பணம் அனுப்பியதாகத் துறை கூறியும் வராதவர்களுக்கு, 3911 என்ற படிவத்தின் வழியாகத் தேடுதல் கோரிக்கை எழுப்பும் வழி இருந்தது. தேடுதலில் காசோலை மாற்றப்படவில்லை எனத் தெரிந்தால் அத்தொகையை மீண்டும் பெற முடிந்தது. தம் பெயரில் வேறொருவர் கணக்குத் தாக்கல் செய்திருந்தால், 14039 என்ற அடையாளத் திருட்டு உறுதிமொழிப் படிவத்தைத் தர வேண்டும். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பின் துறை அஞ்சலில் அனுப்பிய 1444 வரிசைக் கடிதங்கள், அனுப்பப்பட்ட தொகைக்கான சான்றாக இருந்ததால் அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது.

படிவங்களால் தீராத இடத்தில், துறைக்குள்ளேயே தன்னுரிமையோடு இயங்கும் வரி செலுத்துவோர் குறைகேட்பு அமைப்பை 911 என்ற படிவத்தின் வழியாக அணுகலாம். அதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அலுவலகமாவது உண்டு. அவ்வமைப்பு ஊக்கத்தொகைச் சிக்கல்களுள் குறிப்பிட்ட சில வகைகளை 2020 ஆகஸ்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டது என்பது வருந்தத்தக்கது. குறைந்த வருவாயினருக்குக் கணக்கு எழுதித் தரும் ‘வீட்டா’ தன்னார்வ மையங்கள் கட்டணம் வாங்குவதில்லை. துறையோடு வழக்காட நேர்ந்தால் குறைந்த வருவாயினருக்கான வரிச் சட்ட உதவி மையங்கள் துணை நிற்கும். நீதிமன்றமும் வெறுமனே இருந்துவிடவில்லை. சிறையில் இருப்பவருக்குத் தொகை இல்லை என்று சட்டத்தில் இல்லாத ஒரு விலக்கைத் துறை தானே புகுத்தியபோது, வட கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2020 செப்டம்பரில் அதைத் தடுத்து, அவர்களுக்கும் வழங்குமாறு ஆணையிட்டது. சட்டம் சொல்லாத தகுதியின்மையை அலுவலகமோ அதன் மென்பொருளோ உண்டாக்க முடியாது என்பதற்கு இத்தீர்ப்பு நல்ல சான்று.

கெடுவும் ஒரு விதியே. அந்நாட்டில் வரிப்பணத்தைத் திரும்பக் கோருவதற்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலம் அளிக்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தும் மீட்பு வரவுக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டிருந்த சுமார் 10 இலட்சம் பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே மொத்தம் 240 கோடி டாலர் வழங்கப்படும் என்று 2024 டிசம்பரில் துறை அறிவித்தது. தன் கையிலிருந்த தரவைக் கொண்டே உரியவரைக் கண்டுபிடிக்க ஓர் அரசுத் துறையால் முடியும் என்பதை இது காட்டியது. ஆனால் கணக்கே தாக்கல் செய்யாதவரை அவ்வறிவிப்பு எட்டவில்லை. முதலிரண்டு தவணைகளைக் கோருவதற்கான பொதுக் கெடு 2024 மே 17 அன்றும், மூன்றாம் தவணைக்கானது 2025 ஏப்ரல் 15 அன்றும் முடிவடைந்தன. ஆகவே, இத்தொகைகளுக்கு இன்னும் பதிவு செய்யலாம் என்று எண்ணையும் வங்கி விவரத்தையும் கேட்டு இன்று வரும் எந்த இணைப்பும் போலியானதே. அதைத் திறக்காமல் அழித்துவிடுவதே வாசகர் செய்ய வேண்டியது.