பழைய மோட்டார் வண்டிகளும் அவற்றைப் போற்றுவார் கழகமும்

பழம் பொருளைக் காத்தல் இருவகைப்படும். ஒன்று, அதனை அசைவின்றி ஓரிடத்து வைத்துக் காத்தல். மற்றொன்று, அதற்குரிய தொழிலிலேயே வழங்கிக் காத்தல். ஏட்டுச்சுவடியை முதல் வகையாற் காக்கலாம். வீணையையோ வாசிப்பார் கையினின்று வாங்கிப் பேழையில் வைத்துவிடின், மரமும் தந்தியும் எஞ்சுமேயன்றி இசை எஞ்சாது. மோட்டார் வண்டி இவ்விரண்டனுள் எவ்வகையின்பாற்படும் என்னும் வினாவிற்கு, இங்கிலாந்து தேசத்திலே பழைய வண்டிகளைப் போற்றுவார் ஆண்டுதோறும் நிகழ்த்தும் ஓட்டம் நல்விடை தருகின்றது. அதனை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

அந்நாட்டில் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தானே இயங்கும் வண்டி யாதாயினும் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும், நகரத்தில் 2 மைலுமே செல்லலாம். சிவப்புக் கொடி ஏந்திய ஆள் ஒருவன் 60 கெஜம் முன்னே நடத்தல் வேண்டும். 1878இல் கொடி கட்டாயமன்றாயிற்று. ஆயினும் முன்னே ஆள் நடத்தல் ஒழியவில்லை. 1896ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டமே இலகுவான வண்டிகளை இத்தளையினின்று விடுவித்தது. அன்றே ஹாரி லாஸன் என்பார் தலைமையில் முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் லண்டனிலிருந்து பிரைட்டன் என்னும் கடற்கரை நகர் நோக்கிப் புறப்பட்டன. முன்னர் நிகழ்ந்த காலை விருந்தில் வின்செல்ஸி பிரபு சிவப்புக் கொடி ஒன்றைக் கிழித்து விடுதலையைக் குறிப்பித்தார். புறப்பட்டவற்றுட் பல வழியிலேயே நின்றுவிட்டன.

அவ்வோட்டத்தின் நினைவாக 1927இல் மீண்டும் ஓர் ஓட்டம் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தும், பெட்ரோல் பங்கீட்டால் 1947இலும், கொள்ளை நோயால் 2020இலும் தடைப்பட்டதல்லது, அஃது இடையறாது வருகின்றது. நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு, சூரியோதயத்தில் ஹைடு பூங்காவினின்று வண்டிகள் கிளம்பும். 1905ஆம் ஆண்டு பிறக்குமுன் செய்யப்பட்டனவே அதற்கு உரியன. தூரம் ஏறக்குறைய 60 மைல். இது பந்தயமன்று, சராசரி மணிக்கு 20 மைலுக்கு மிகுதல் கூடாது. குறித்த பொழுதினுள் கடற்கரை சேர்ந்தாரெல்லாம் பதக்கம் பெறுவர். முதல்வன் என்றும் கடையன் என்றும் ஆங்கு ஒருவரும் இலர்.

முந்துவார்க்குப் பரிசில்லாத ஓட்டத்தில் மக்களுக்கு ஆர்வம் எங்ஙனம் உண்டாகின்றது என வினவலாம். அவ்வண்டிகளை நடத்துதலே ஓர் அருங்கலை என்பதே விடை. இக்காலத்து வண்டி விசையைத் திருப்பிய மாத்திரத்தே இயங்கும். அக்காலத்து வண்டிகள் சிலவற்றிலோ, விளக்குச் சுடரால் ஒரு சிறு குழாயைச் செந்நிறமாகக் காய்ச்சினாலன்றி எண்ணெயாவி தீப்பற்றாது. நீராவி வண்டிக்குக் கொதிகலத்தை முன்னரே மூட்டி ஆவி திரளக் காத்திருத்தல் வேண்டும். சிலவற்றிற்கு வட்டச் சக்கரம் இன்றிப் படகின் சுக்கான் போன்ற கோலே திருப்புங் கருவியாம். மேட்டில் ஏறுங்கால் நீர் கொதிக்கும். இறங்குங்கால் தடை போதாது. எப்பொழுது எண்ணெய் சொட்டவிடுவது, எவ்வொலி கேட்பின் உடனே நிறுத்துவது என்பன நூலிற் கற்கத்தக்கன அல்ல. வல்லார் அருகிருந்தே கற்கத்தக்கன.

இக்கல்வியைக் கொடுத்தும் கொண்டும் வருவதே கழகத்தின் முதற்பயன். கிரேட் பிரிட்டன் பழைய வண்டிக் கழகம் 1930ஆம் ஆண்டு பிரைட்டன் நகரில் தோன்றியது. உடைந்த உறுப்பொன்று இக்காலத்துக் கடைகளிற் கிடையாதாகலின், ஒருவர் வைத்துள்ள உறுப்பை அளந்து மற்றொருவர் வார்ப்பித்துக் கொள்கின்றனர். வழியில் நின்ற வண்டியைக் கண்டார் தம் வண்டியை நிறுத்தி உதவுகின்றனர். 1953இல் வெளிவந்த 'ஜெனிவீவ்' என்னும் நகைச்சுவைத் திரைப்படம் இவ்வோட்டத்தைப் பொருளாகக் கொண்டது. அதன்பின் பழைய வண்டிகளின்மேற் பொதுமக்கள் விருப்பம் பெருகிற்று.

கழகத்தின் இரண்டாம் பயன் உண்மையைக் காத்தலாம். ஓட்டத்திற்குரிய காலவரம்பு உண்மையால், ஒரு வண்டி 1904இல் ஆயதோ 1905இல் ஆயதோ என்பது பெரியதொரு வினாவாகின்றது. விலையும் அதனாற் பெரிதும் வேறுபடும். ஆதலின் கழகத்தார் காலம் துணியும் குழுவொன்றை அமைத்துள்ளனர். வண்டியின் உறுப்புக்களையும் எண்களையும் பழைய விவரப் பட்டிகளோடு ஒப்புநோக்கியே அவர் சான்றளிப்பர். கல்வெட்டின் எழுத்து வடிவு கொண்டு காலம் காண்பாரது முறையும் இதுவே.

ஓடாது நிறுத்தி அழகு பார்க்கும் காட்சிகளும் உள. அவற்றுட் புகழ்பெற்றது அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950இல் தொடங்கியது. ஆங்கு மெருகும் செப்பமும் நுணுகி ஆராயப்படும். எனினும், இரு வண்டிகள் சமமாக நிற்பின், அதற்கு முன்னர் நிகழும் சாலைப் பயணத்தை நிறைவேற்றிய வண்டியே மேலெனக் கொள்ளப்படும். அழகுக்காட்சியும் இயக்கத்திற்கு இவ்வாறு தலைவணங்குதல் காண்க.

ஓட்டினால் தேயுமன்றோ என்பார் கூற்று முற்றும் பொய்யன்று. தேய்ந்த உறுப்பை மாற்ற மாற்ற, முதலிற் செய்தோன் கைபட்ட பகுதி குறைகின்றது. பழைய வர்ணத்தைச் சுரண்டிப் புதியது பூசினால், போனது மீளாது. ஆதலின் உலகில் ஒன்றேயாய் எஞ்சியதைக் காட்சிச்சாலையில் வைத்தல் தகும். ஆயினும் எல்லாவற்றையும் அங்ஙனமே நிறுத்திவிடின், நூறாண்டு கழிந்தபின் இரும்பு இருக்கும். அதனை இயக்க அறிந்தார் இரார். தேய்ந்த இரும்பை மீட்டும் வார்க்கலாம். அறுந்த கைப்பழக்கத்தை வார்ப்பதற்கு அச்சு யாண்டும் இல்லை. ஒரு தொழிலறிவு முதியோர் கையினின்று இளையோர் கைக்கு மாறும்பொழுதே அப்பொருள் உயிரோடிருக்கின்றது. மாணவராகிய நாம் நம் முன்னோர் கருவி எதனையேனும் காக்கக் கருதுவோமாயின், அதனை வைக்கும் பேழையைத் தேடுமுன், அதனை வழங்க வல்லாரைத் தேடி அடைந்து கற்பதே செயற்பாலது.