அனந்தபுரம் என்றால் 21,600

அனந்தம் என்றால் முடிவே இல்லாதது. அந்தப் பெயரைச் சுமக்கும் ஊருக்குக் கேரளத்தின் பழைய கணக்கு முறையில் ஓர் எண் உண்டு, ஐந்தே இலக்கம். திருவனந்தபுரத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். “பேருக்கு எப்படிச் சித்தப்பா நம்பர் வரும்? பின்கோடா?” என்றாள். ஒரு தாளை எடுத்தோம். முன்னால் இருக்கும் ‘திரு’வை விட்டுவிட்டு, அ – ன – ந்த – பு – ர – ம் என்று உடைத்து எழுதினோம்.

தனியாக நிற்கும் உயிரெழுத்துக்கு 0. ன, ந இரண்டுக்கும் 0. கூட்டெழுத்தில் கடைசி மெய்யை மட்டும் பார்க்க வேண்டும். ஆகவே ‘ந்த’வில் த-வுக்கு 6. பு-வுக்கு 1. ர-வுக்கு 2. புள்ளி வைத்த ம் கணக்கில் சேராது. வரிசையாக எழுதினால் 00612. இதை வலமிருந்து இடமாகத் திருப்பிப் படிப்பதுதான் மரபு: 21600.

“சும்மா ஒரு நம்பர்” என்று உதட்டைப் பிதுக்கினாள். வட்டத்துக்கு எத்தனை பாகை என்று கேட்டேன். 360. ஒரு பாகைக்கு 60 கலை. பெருக்கிப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முழு வட்டத்தின் கலைகள் 21,600. சித்தர் மரபில் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சும் இதே எண்தான். 24 மணிக்கு வகுத்து, பிறகு 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சரியாக 15. விழிஞ்ஞத்துக்கு வரும் கப்பல்கள் தூரம் அளக்கும் கடல் மைல் 1,852 மீட்டர். அதை 21,600-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 40,003 கிலோமீட்டர், கிட்டத்தட்ட பூமியின் சுற்றளவு. இது தற்செயல் அல்ல. பூமிப் பரப்பில் ஒரு கலை அளவுள்ள தூரத்தைத்தான் கடல் மைல் என்று வகுத்தார்கள்.

இந்த முறைக்குப் பெயர் கடபயாதி. க, ட, ப, ய என்ற நான்கு எழுத்துகளிலும் எண்ணிக்கை 1-லிருந்து தொடங்குவதால் வந்த பெயர். இங்கே தமிழருக்கு ஒரு சங்கடம். சமஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் க-வில் நான்கு உண்டு, நமக்கு ஒன்றுதான். ஆனால் நம் பாட்டுப் புத்தகங்களில் க1, க2, க3, க4 என்று பொடி எண் போட்டு ஒலியைக் காட்டுவார்களே, அது கைகொடுக்கிறது. க, ட, ப வரிசைகளில் அந்தப் பொடி எண்ணே விடை. ச, த வரிசைகளில் அதோடு 5 கூட்டினால் போதும். த1 என்றால் 6, த4 என்றால் 9. (ஜ என்பது ச3, எனவே 8.) மெல்லினங்களில் ங, ண, ம மூன்றும் 5, ஞ, ந 0. ய-வில் தொடங்கி ர, ல, வ, ஶ, ஷ, ஸ, ஹ வரை 1 முதல் 8, ள 9. எழுத்துப் பஞ்சத்துக்காகச் செய்த ஒட்டுவேலை, மனப்பாடச் சுமையில் பாதியைக் குறைத்துவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கர்நாடக இசை படிக்கும் பிள்ளைகள் இதை அறியாமலே பாடிக்கொண்டிருக்கிறார்கள். 72 மேளகர்த்தா ராகங்களின் பெயர்களில் முதல் இரண்டு எழுத்தே வரிசை எண். மாயாமாளவகௌளை: மா 5, யா 1, திருப்பினால் 15. வெறும் சங்கராபரணம் என்றால் ஶ 5, ங்க 1. அதுவும் 15 ஆகிவிடும். அதனால் முன்னால் ‘தீர’ ஒட்டினார்கள்: தீ த4, எனவே 9, ர 2, விடை 29. கல்யாணிக்கு ‘மேச’ ஒட்டி 65. இப்போது 65-லிருந்து 36-ஐக் கழித்துப் பாருங்கள்: 29. சங்கராபரணத்தில் மத்யமத்தை மட்டும் மாற்றினால் கல்யாணி. மற்ற ஜோடிகளுக்கும் இதே 36 வித்தியாசம்தான். நாடகப்ரியா 10, நடபைரவி 20. தமிழில் இரண்டிலும் அதே ட. மூலத்தில் ஒன்று ட1, மற்றது ட2. சுவாதித் திருநாள் கீர்த்தனை செய்த சாருகேசி 26. விதிப்படி சக்ரவாகமும் 26 வர வேண்டும், ‘க்ர’வில் கடைசி மெய் ர என்பதால். அங்கே க-வை எடுத்து 16 ஆக்கிக்கொண்டார்கள். கணக்கில் இப்படியும் ஒரு சலுகை.

விளையாட்டுக்காகப் பிறந்த முறை அல்ல இது. மலையாளத்தில் இதற்குப் ‘பரல்பேரு’ என்றும் பெயர். கண்ணகியின் சிலம்புக்குள் இருந்ததே, அதே பரல். இங்கே அது தரையில் பரப்பிக் கணக்குப் போடும் சோழி. இலக்கங்களைச் சொற்களாக்கி மனத்தில் வைத்துக்கொண்டு, சோழிகளை நகர்த்திக் கூட்டிக் கழித்தார்கள். நிலவின் இடத்தைச் சொல்ல 248 வாக்கியங்கள் உண்டு, நாளுக்கு ஒன்று. ஏன் 248? நிலவு பூமிக்கு மிக அருகில் வந்து, மறுபடி அதே அருகாமைக்குத் திரும்ப சுமார் 27.55 நாள். அதை 9-ஆல் பெருக்குங்கள். 248-க்கு மயிரிழைதான் குறையும். 249-ஆம் நாள் பட்டியலை முதலிலிருந்து தொடங்கலாம்.

1825-இல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்ற நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் தரையில் சோழி வைத்து, எழுத்தையும் மூலக் கொள்கையையும் தொடாமல், மனப்பாடச் சொற்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. கடைசி எண் பெரிதுதான். ஆனால் கையில் இருந்தது சோழி மட்டும்.

பெயரிலிருந்து எண் எடுப்பது எளிது. எண்ணிலிருந்து சொல் கட்டுவதில்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். அண்ணன் மகள் அன்று இரவு முழுக்க அதில்தான் இருந்தாள். 15-க்கு மயில். 36-க்குத் தலை. 52-க்கு ராமன், வருஷத்தில் 52 வாரம் என்று அவளே சேர்த்துக்கொண்டாள். 30-க்கு ‘நிலா’ விழுந்தபோது வீடே அதிரக் கத்தினாள். ந 0, லா 3.

அடுத்து 365-க்குத் தேடி, தமிழ்ப் பாடத்தில் படித்த ‘மதலை’யைக் கொண்டுவந்தாள். ம 5, த 6, லை 3. சரிதானே என்றாள். சொல்லிப் பார் என்றேன். நடுவில் வரும் த, ‘தலை’யில் வரும் த மாதிரி ஒலிக்காது, ‘தானம்’ போல மெலிந்து த3 ஆகிவிடும். அப்படியானால் 8, விடை 385. “எழுதினது த தானே!” என்று அவள் மல்லுக்கு நின்றாள். அண்ணன் அவள் கட்சி. அண்ணி ஒலிதான் முக்கியம் என்கிறார். நான் இன்னும் இரண்டு பக்கமும் சாயவில்லை.