சுடுநீர் ஊற்றும் சீனி வருத்தக் கால்களும்

குருக்கள்மடத் துறையில் பாதைப் படகேறி அம்பிளாந்துறையில் இறங்கினால் படுவான்கரை. அதற்கும் மேற்கே, மலையடிவாரக் காட்டில் நிலம் சுடுநீரைக் கக்குகிறது. கன்னியாச் சுடுநீர்க் கிணறுகள் எல்லோருக்கும் பழகிவிட்டன. பதுளை வீதியில் மகாஓயாவும் தெரிந்த இடந்தான். இப்போது இளசுகளின் ஆசை அம்பாறைக் காட்டுக்குள் இருக்கும் கபுறெல்ல போன்ற ஊற்றுகளை நடந்துபோய்ப் பார்ப்பது.

போகத்தான் வேண்டும். எரிமலையே இல்லாத நாட்டில் இந்தச் சூடு ஓர் அதிசயம். மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. ஹைலண்ட், விஜயன் என்னும் இரு பழம்பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே பெரும்பாலான ஊற்றுகள் இருக்கின்றன.

என் பயமெல்லாம் கூடப் போகும் பெரியவர்களின் கால்களைப் பற்றியது. மூட்டு நோவுக்கு நல்லது என்று அம்மம்மாவையும் வானில் ஏற்றுகிறோம். அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், பாதம் மரத்துப்போயிருக்கும். கன்னியாவில் வாளியால் அள்ளி ஊற்றுவதால் நீர் கொஞ்சம் ஆறித்தான் உடம்பில் படும். காட்டு ஊற்றில் அப்படியல்ல. காலை நேரே உள்ளே விடுகிறோம். ஜப்பானியர் சுகமாக அமிழ்ந்திருக்கும் நீர் 40 பாகை செல்சியசை ஒட்டியது. 55 பாகை நீரில் அரை நிமிடம் போதும், தோல் வெந்துவிடும். உணர்ச்சியுள்ளவர் காலை உதறி எடுப்பார். மரத்த கால் அப்படியே இருக்கும். மறுநாள் கொப்புளம், பிறகு ஆறாத புண், கடைசியில் விரலையே எடுக்கும் நிலை.

சுடுநீரால் நோவு தணிகிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுகத்தை வீட்டில் வெதுவெதுப்பான நீரே தரும்.

கூட்டிப்போவதானால், நீர் ஊறும் வாயருகே யாரையும் விடாதீர்கள். சூடு அதிகம் அங்கேதான். குழந்தையைக் குளிப்பாட்டுமுன் பார்ப்பதுபோல முழங்கையை விட்டுப் பாருங்கள். செருப்பைக் கழற்ற விடாதீர்கள். திரும்பியதும் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஊற்றுக்கு ஊற்று வெப்பநிலையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கப் பெரிய செலவில்லை. அந்த அறிவிப்பு ஒவ்வோர் ஊற்றிலும் வரும்வரை சூடு பார்க்க வேண்டியது அம்மம்மா அல்ல, கூட்டிப்போகும் பேரப்பிள்ளைதான்.