பல்கலைக்கழகம் மாறும்போது

நுழையும்முன்

செஞ்சி வட்டாரத்து மாணவர் ஒருவரின் பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? அவர் எந்த ஆண்டில் படித்தார் என்பதைப் பொறுத்தே விடை அமையும். ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளியில் விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் நான்கு பல்கலைக்கழகங்களின் எல்லைக்குள் அடுத்தடுத்து அடங்கியுள்ளன. இம்மாற்றங்கள் எவ்வாறு நிகழ்கின்றன, இடையில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் நிலை என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நிற்பது செஞ்சிக் கோட்டை. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், பின்னர் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைக்கு அது மாறியது. ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும் கோட்டைக்குள் வாழ்ந்த மக்களுக்கு நெல்லும் நீரும் தடையின்றிக் கிடைக்க வேண்டியிருந்தது. கல்வி நிருவாகம் கைமாறும்போதும் இதே நெருக்கடி எழுகிறது. மாணவருக்குரிய தேர்வும் மதிப்பெண்ணும் பட்டமும் ஒரு நாளும் நின்றுவிடக் கூடாது.

இணைவு முறை

1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. பாடம் நடத்துவது கல்லூரி. பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். இதுவே இணைவு முறை. கல்லூரிகள் பெருகப் பெருக ஒரே அலுவலகத்தால் அத்தனை விடைத்தாள்களையும் தாங்க இயலவில்லை. 1966இல் மதுரையிலும் 1982இல் கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய நகரங்களிலும் புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றின. வட மாவட்டங்களின் முறை 2002இல் வந்தது. வேலூர்க் கோட்டை வளாகத்தில் இயங்கிய சென்னைப் பல்கலைக்கழக முதுநிலை விரிவாக்க மையம் திருவள்ளுவர் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் அதனுடன் இணைந்தன. கோட்டைக்குள் பிறந்த பல்கலைக்கழகம் ஒன்று செஞ்சிக்கு வாய்த்தது பொருத்தந்தான்!

ஒரு பாடம் மாறும் வழி

பல்கலைக்கழகத்தின் எல்லை சட்டமன்றத்தில் மாறுகிறது. பாடமோ குழுக்களில் மாறுகிறது. இளங்கலைத் தமிழ் வகுப்பில் கணினித் தமிழைப் புதிய தாளாகச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் துறைப் பேராசிரியர்கள் அடங்கிய பாடத்திட்டக்குழு அலகுகளையும் பாடநூல்களையும் வரையறுக்கும். அடுத்துக் கல்விக்குழு அதனை ஆராய்ந்து ஒப்புதல் தரும். ஆசிரியர் பணியிடம், நிதி போன்றவை ஆட்சிக்குழுவின் பொறுப்பு.

இவ்வழி நீண்டது, காலத்தை விழுங்குவது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இருக்கிறது. எனினும், நகரக் கல்லூரியில் எளிதாக நடக்கும் கணினிப் பாடம், கணினி அறையே இல்லாத சிற்றூர்க் கல்லூரியில் எப்படி நடக்கும் என்று ஒருவர் எழுந்து கேட்பதற்கு இடம் இக்குழுக்களில்தான் உள்ளது. அக்கேள்வி கேட்கப்படாத சீர்திருத்தம் தாளில் நிறைவேறும், வகுப்பறையில் நிறைவேறாது.

விரைவை விரும்பிய சில கல்லூரிகளுக்கு வேறொரு வழி திறந்தது. 1978இல் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின்கீழ் இருந்த சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டத்தையும் தேர்வையும் அவை தாமே வகுத்துக்கொண்டன; பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வழங்கப்பட்டது. புதிதாகத் தோன்றும் சிற்றூர்க் கல்லூரிக்கு அந்த வாய்ப்பு உடனே கிட்டுவதில்லை.

ஒரே ஆண்டில் இரு மாற்றங்கள்

2021 பிப்ரவரியில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து, விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை உருவாக்கச் சட்டம் இயற்றப்பட்டது. செஞ்சியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 100 கி.மீ.; விழுப்புரமோ சுமார் 40 கி.மீ. அதே ஆண்டு ஆட்சி மாறியது. ஆகஸ்டு இறுதியில் அப்பல்கலைக்கழகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் சட்டமுன்வடிவு நிறைவேறியது. புதிய நிறுவனத்துக்குப் போதிய நிதியும் கட்டமைப்பும் ஏற்படுத்தப்படவில்லை என்பது அரசின் வாதம். அருகில் கிடைத்த பல்கலைக்கழகத்தை வளர்க்காமல் நீக்குவது முறையா என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. இரு தரப்பும் தொட்ட சிக்கல் ஒன்றே. பல்கலைக்கழகத்தை ஒரு சட்டத்தால் ஒரே நாளில் தோற்றுவிக்கலாம். தேர்வுப் பிரிவையும் நூலகத்தையும் பேராசிரியர்களையும் அவ்வாறு தோற்றுவிக்க முடியாது.

இம்மாற்றத்தால் பெரிதும் மாறியது சிதம்பரம்தான். 1929இல் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரால் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தன் வளாகத்திலேயே மாணவரைத் தங்கவைத்துக் கற்பித்த ஒருமைப் பல்கலைக்கழகம். பாடம் நடத்தியவரே வினாத்தாள் அமைத்தார். விடைத்தாளையும் அவ்வளாகத்தினரே திருத்தினர். நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2013இல் அரசு அதன் நிருவாகத்தை ஏற்றது. மிகுதியாக இருந்த ஆசிரியர், ஊழியர் பலர் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் பணிமாற்றம் பெற்றனர். எட்டு ஆண்டுகளில் அடுத்த மாற்றம் வந்தது. தாம் நேரில் கண்டிராத ஆயிரக்கணக்கான மாணவருக்கு வினாத்தாள் அமைப்பதும், மாவட்டங்கள் தோறும் தேர்வு மையங்களைக் கண்காணிப்பதும், கட்டுக் கட்டாக வரும் விடைத்தாள்களைத் திருத்திக் குறித்த நாளில் முடிவு வெளியிடுவதும் வளாகக் கற்பித்தலிலிருந்து வேறான தொழில். இணைவுக் கல்லூரிகளுக்காக அதனைச் செய்ய வேண்டியிருந்தது.

இடையில் நிற்கும் மாணவர்

பல்கலைக்கழகம் மாறும்போது பெரும்பாலும் பின்பற்றப்படும் நெறி ஒன்று உண்டு. ஒரு மாணவர் எந்த விதிமுறையின்கீழ்ச் சேர்ந்தாரோ அதன்கீழேயே படிப்பை முடிக்க வாய்ப்பளிக்க வேண்டும். ஆகவே, பழைய பாடத்திட்டமும் புதிய பாடத்திட்டமும் சில ஆண்டுகள் அருகருகே நடக்கும். முதலாண்டு மாணவருக்கு ஒரு வினாத்தாள், அரியர் எழுதும் மூத்தவருக்கு வேறொரு வினாத்தாள். நிருவாகத்துக்கு இது இரட்டைச் சுமை. அச்சுமையை ஏற்க மறுத்தால் அது மாணவர் தோளில் விழும்.

பட்டம் பெற்றவருக்கும் கவலை உண்டு. பெயர் மாறிய பல்கலைக்கழகத்தின் சான்றிதழை வேலை தருபவர் ஏற்பாரா? 2007இல் பிரிக்கப்பட்ட அண்ணா பல்கலைக்கழகம் 2012இல் மீண்டும் ஒன்றானபோதும் இவ்வினா எழுந்தது. இணைப்புச் சட்டங்களில் சொத்து, பணியாளர் ஆகியவற்றோடு பதிவேடுகளும் வழித்தோன்றல் நிறுவனத்துக்கு மாற்றப்படுவதன் காரணம் இதுவே. இருபது ஆண்டுக்குப் பின் ஒருவரது மதிப்பெண் பட்டியலின் உண்மைத்தன்மையைக் கேட்டு வரும் கடிதத்துக்கு மறுமொழி எழுத ஓர் அலுவலகம் இருந்தாக வேண்டும்.

2022இல் செஞ்சியில் அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த முதல் அணியினர் மூன்றாண்டுப் படிப்பை முடிக்கும் 2025ஆம் ஆண்டு ஜூலையில், மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டைக் கொண்ட தொகுதியில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னமானது. இனி அயலார் மிகுதியாக வருவர். கல்வெட்டியலும் சுற்றுலாவியலும் அறிந்த இளைஞர் உள்ளூரிலேயே தேவைப்படுவர். அதற்கென ஒரு தாள் வேண்டுமென்று செஞ்சி ஆசிரியர் விரும்பினால், அவரது முன்மொழிவு 100 கி.மீ.க்கு அப்பால் சிதம்பரத்தில் கூடும் பாடத்திட்டக்குழுவின் மேசைக்குச் சென்று சேர வேண்டும்.