மாத்திரைக்கு முன் ரத்தம்

மும்பையில் பாண்டுப்பை ஒட்டி, முலுண்ட்–கோரேகாவ் லிங்க் ரோட்டில் இருக்கிறது ஃபோர்டிஸ் மருத்துவமனை. 2015 ஆகஸ்ட் 3 அன்று புனேயிலிருந்து விமானத்தில் வந்த ஓர் இதயத்தை டாக்டர் அன்வய் மூலேயின் குழு அங்கேதான் பொருத்தியது. பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் 1968-இல் டாக்டர் பி.கே. சென் இதய மாற்றுக்கு முயன்று பார்த்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட காட்சியை ஊரே டிவியில் பார்த்தது. அதன் பிறகு நடப்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. அது ஆயுள் முழுக்க நடக்கும் கதை.

உடம்புக்கு அந்த இதயம் அந்நியம். நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைத் தாக்கப் பார்க்கும். அவற்றை அடக்கி வைக்கத்தான் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள். அளவு குறைந்தால் இதயம் நிராகரிக்கப்படும். கூடினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், தொற்று புகும். 1967-இல் கேப்டவுனில் உலகின் முதல் மாற்று மனித இதயத்தைப் பெற்றவர் 18-ஆம் நாள் இறந்தார். அவரைக் கொன்றது நிமோனியா. இதயம் கடைசிவரை துடித்துக்கொண்டுதான் இருந்தது.

அதனால்தான் ரத்தப் பரிசோதனை. பொதுவாக முதல் சில மாதங்களில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 10 முதல் 15 நானோகிராம் டாக்ரோலிமஸ், பிறகு 5 முதல் 10 என்று மருத்துவர்கள் இலக்கு வைப்பார்கள். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய கணக்கைக் கலைக்கச் சின்ன விஷயங்களே போதும். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தும் சேர்ந்து வெளியேறிவிடும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. மருந்தைச் சிதைக்கும் குடல் சுவர் பழுதாவதால் ரத்தத்தில் அளவு ஏறும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ அளவைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். காசநோய் மலிந்த மும்பையில் இது ஏட்டுப் பேச்சல்ல.

அறிக்கையில் எண் சரியாக இருந்தால் இதயமும் சரி என்று பொருளா? இல்லை. ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்லும். தசைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தசைதான் சொல்ல வேண்டும். நோயாளியின் உணர்வையும் நம்ப முடியாது: அறுவையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால் இதயத்தில் வலி பெரும்பாலும் தெரியாது. ஆகவே கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கருவியை இறக்கி, வலது கீழறையிலிருந்து சில துணுக்குகளைக் கிள்ளி எடுக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் இதை வழக்கமாக்கியவர் ஃபிலிப் கேவ்ஸ்.

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் தேடுவது, தசை நார்களுக்கிடையே நுழைந்த வெள்ளை அணுக்களை. ஆங்காங்கே வந்து நின்றிருந்தால் லேசான நிராகரிப்பு, 1ஆர். இரண்டு மூன்று இடங்களில் நாரையே கடித்திருந்தால் 2ஆர். சேதம் பரவி, வீக்கமும் ரத்தக்கசிவும் தெரிந்தால் 3ஆர். இந்தத் தரவரிசை 2004-இல் திருத்தப்பட்டது. எண் இலக்குக்குள் இருந்தும் துணுக்கு 2ஆர் காட்டுவதுண்டு. அப்போது ஸ்டீராய்டு ஊசி போட்டு, மருந்துக் கணக்கை முதலிலிருந்து போடுவார்கள்.

எண்ணே பொய்யாக வந்தால்? பெரும்பாலும் காரணம் நேரம்தான். முந்தின இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அளவு ஆகக் குறைவாக இருக்கும்போது ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்கு வந்தால் எண் எகிறும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஆபத்து. ஊசி குத்துமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “காலை மாத்திரை போட்டாச்சா?” ஆமாம் என்றால், நாளைக்கு வரச் சொல்லலாம்.